தலைக்கு அணை, கழுத்துக்குத் துணை



இன்றைய பேச்சு ஒரு சின்னப் பொருளைப் பற்றியது. அது எல்லார் வீட்டிலும் இருக்கும். பகலில் ஒரு மூலையில் கிடக்கும். இரவில் எல்லாரும் அதைத் தேடுவார்கள். அதுதான் தலையணை.

"தலையணைக்கு ஒரு பேச்சா?" என்று சிரிக்க வேண்டாம். ஒரு மனிதர் நாள் ஒன்றுக்கு 7 அல்லது 8 மணி நேரம் தூங்குகிறார். 60 வயதான ஒருவர் ஏறத்தாழ 20 வருடங்களைத் தூக்கத்தில் கழித்திருப்பார். அந்த 20 வருடமும் அவர் தலையைத் தாங்கியது எது? தலையணைதான்.

செருப்பு வாங்கும்போது காலில் போட்டுப் பார்க்கிறார்கள். கடித்தால் வேண்டாம் என்று சொல்கிறார்கள். தலையணை வாங்கும்போது யாரும் தலை வைத்துப் பார்ப்பதில்லை. பூப்போட்ட உறையைப் பார்க்கிறார்கள். விலையைக் கேட்கிறார்கள். வாங்கி வந்துவிடுகிறார்கள். பிறகு அது 10 வருடம், 15 வருடம் வீட்டில் கிடக்கிறது.

இதனால் என்ன கெடுதல்? ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். இது கதைதான். ஆனால் பல வீடுகளில் நடப்பதும் இதுதான்.

சும்மாடு உண்டு, தலையணை இல்லை

பெங்களூர் நகரம். நகரத்தின் ஓரத்தில் கட்டட வேலை செய்பவர்கள் குடியிருக்கும் இடம். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த பல குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அவர்களில் ஓர் அக்கா. வயது 38. சித்தாள் வேலை. செங்கல்லும் மணலும் சுமப்பார். அவர் கணவர் கம்பி கட்டுபவர். ஒரே மகள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

அந்த அக்கா வேலைக்குப் போகும்போது சும்மாட்டுத் துணியை மறக்க மாட்டார். அதைப் பதமாகச் சுற்றுவார். தலையில் வைத்து, அதன்மேல் சட்டியை ஏற்றுவார். சும்மாடு சரியில்லை என்றால் சுமை சாயும். கழுத்து நோகும். இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பகலில் சுமைக்கும் தலைக்கும் நடுவே சும்மாடு. இரவில் தலைக்கும் தரைக்கும் நடுவே தலையணை. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் இரண்டாவதை அவர் கவனிக்கவில்லை.

கொஞ்ச நாளாக அவருக்குக் காலையில் எழுந்தால் கழுத்து திரும்பவில்லை. வலது கை மரத்துப் போயிருந்தது. உதறி உதறிப் பார்த்தால்தான் உணர்ச்சி வரும். தைலம் தேய்த்தார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். ஒரு வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. இரண்டு நாள் கூலி போயிற்று.

கணவர் சொன்னார்: "சுளுக்குதான் இது. முடி வெட்டுற கடையில கழுத்தை ஒரு திருப்பு திருப்பி நெட்டி எடுப்பாங்க. எனக்கு எப்பவும் அதுலதான் சரியாகும். உனக்கு நான் எடுத்துவிடவா?"

"வேண்டாங்க, பயமா இருக்கு" என்றார் அக்கா.

அவர் பயந்தது நல்லதாயிற்று. மாலையில் எழுத்தறிவு வகுப்புக்குப் போனபோது சுகாதார நிலையத்து நர்ஸ் அங்கே வந்திருந்தார். அவரிடம் அக்கா விஷயத்தைச் சொன்னார்.

கழுத்துக்குள் என்ன இருக்கிறது?

நர்ஸ் முதலில் ஒன்றைச் சொன்னார்: "கழுத்தை மட்டும் யாரிடமும் கொடுத்துத் திருப்பச் சொல்லாதீங்க அக்கா. அது விளையாட்டு இல்லை."

பிறகு அவர் விளக்கினார். கழுத்தில் 7 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தென்ற வட்டுகள் இருக்கின்றன. மேலே உள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவே மட்டும் வட்டு கிடையாது. இந்த எலும்பு அடுக்குக்குள்ளேதான் தண்டுவடம் போகிறது. தோளுக்கும் கைக்கும் போகும் நரம்புகள் கழுத்திலிருந்துதான் கிளம்புகின்றன. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் கழுத்து வழியாகத்தான் போகின்றன. அதனால்தான் கழுத்தை வேகமாகத் திருப்பி நெட்டி எடுப்பது ஆபத்து. நரம்பு அடிபடலாம். ரத்தக் குழாய் கிழிந்துபோகலாம். பக்கவாதம்கூட வரலாம்.

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. பகல் முழுதும் கழுத்துச் சதைகள் அதைத் தாங்குகின்றன. சுமை ஏற்றினால் அதையும் சேர்த்துத் தாங்குகின்றன. இப்போது கைபேசி வேறு வந்துவிட்டது. மணிக்கணக்கில் தலையைக் குனிந்து அதைப் பார்க்கிறார்கள். அந்தப் பாரமும் கழுத்துக்குத்தான். இரவில் படுத்தால்தான் அந்தச் சதைகளுக்கு ஓய்வு.

ஆனால் படுக்கும்போது தலை ஒரு பக்கம் தொங்கினால் என்ன ஆகும்? ஒரு பக்கச் சதை இழுபடும். மறுபக்கம் நசுங்கும். விடிய விடிய அப்படியே இருக்கும். ஓய்வு எடுக்க வேண்டிய கழுத்து இரவிலும் வேலை செய்கிறது. காலையில் அது முறுக்கிக்கொள்கிறது.

"வீட்டில் எப்படிப் படுக்கிறீங்க அக்கா?" என்று கேட்டார் நர்ஸ்.

"ஒருக்களிச்சுத்தான். தலையணை சப்பையாப் போச்சு. அதனால கையை மடிச்சுத் தலைக்கு அடியில வெச்சுக்குவேன்."

நர்ஸ் சிரித்தார். "மரத்துப் போன கை அதுதானே? 5 கிலோ பாரத்தை ராத்திரி முழுக்க அந்தக் கை சுமக்குது. நரம்பு அமுங்கும்போது மரத்துப் போகும். ஆனா நாமே முடிவு பண்ண வேண்டாம். நாளைக்கு வந்து டாக்டரைப் பாருங்க."

அக்கா மறுநாள் போனார். மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கைவிரல்களின் பலத்தைச் சோதித்தார். பலம் குறையவில்லை. "சதைப்பிடிப்புதான். பயப்பட ஒன்றும் இல்லை. சில நாள் தலையில் சுமை ஏற்றாதீர்கள். படுக்கையைச் சரி செய்யுங்கள். கையில் பலம் குறைந்தால் உடனே வாருங்கள்" என்றார்.

எவ்வளவு உயரம் வேண்டும்?

தலையணைக்கு ஒரே ஒரு வேலைதான். படுக்கும்போது கழுத்துக்கும் படுக்கைக்கும் நடுவே ஓர் இடைவெளி வரும். அதை நிரப்ப வேண்டும். கழுத்து முதுகோடு ஒரே நேராக இருக்க வேண்டும். மேலே தூக்கவும் கூடாது. கீழே தொங்கவும் கூடாது.

அந்த இடைவெளி எல்லாருக்கும் ஒன்றாக இருக்காது. படுக்கும் விதத்தைப் பொறுத்து மாறும்.

மல்லாந்து படுப்பவருக்கு இடைவெளி குறைவு. தாழ்ந்த தலையணை போதும். முகம் கூரையை நேராகப் பார்க்க வேண்டும். தாடை நெஞ்சில் இடித்தால் தலையணை உயரம் அதிகம் என்று பொருள்.

ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளின் அகலம் அளவுக்கு இடைவெளி வரும். அவருக்குக் கொஞ்சம் உயரமான, கெட்டியான தலையணை வேண்டும். மூக்கும், தாடையும், நெஞ்சின் நடுவும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

குப்புறப் படுப்பது கழுத்துக்கு ஆகாது. மூச்சு விடுவதற்காகத் தலையை ஒரு பக்கம் முழுதாகத் திருப்ப வேண்டி வரும். கழுத்து முறுக்கிக்கொண்டே இருக்கும். இந்தப் பழக்கத்தை மெல்ல மெல்ல மாற்றுவது நல்லது. மாற்றும்வரை மிக மெல்லிய தலையணை போதும்.

படுக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். தரையில் கோரைப்பாய் விரித்துப் படுத்தால் தோள் அமுங்காது. ஆகவே ஒருக்களித்துப் படுப்பவருக்கு இடைவெளி பெரிதாக இருக்கும். மெத்தென்ற மெத்தையில் படுத்தால் தோள் உள்ளே அமுங்கும். இடைவெளி குறையும். அதே ஆளுக்கு அங்கே தாழ்ந்த தலையணை போதும். ஊரில் கட்டிலில் படுத்துப் பழகியவர்கள் நகரத்துக்கு வந்து தரையில் படுத்தால் கழுத்து வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காசில்லாமல் அளக்கலாம்

கடைக்குப் போகும் முன்னே உங்கள் உயரத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பைசா செலவில்லை. அந்த அக்கா செய்தது இதுதான்.

இரண்டு பழைய பருத்திச் சேலைகளை எடுத்தார். தலையணை அகலத்துக்கு மடித்தார். அதில் தலை வைத்து, வழக்கம்போல் ஒருக்களித்துப் படுத்தார். மகள் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்தாள்.

"அம்மா, தலை கீழே தொங்குது."

இன்னும் ஒரு மடிப்பு வைத்தார்கள்.

"இப்போ மேலே தூக்குதும்மா."

ஒரு மடிப்பை எடுத்தார்கள். பின்னங்கழுத்தும் முதுகும் ஒரே கோடாக வந்தன. மகள் பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்து அளந்தாள். 11 செ.மீ. இருந்தது. அன்று இரவு அக்கா அந்தச் சேலை மடிப்பிலேயே தூங்கினார். மறுநாளும் தூங்கினார். கையைத் தலைக்குக் கீழே வைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

இந்த 11 செ.மீ. அந்த அக்காவின் அளவு. தோள் அகலமானவருக்குக் கூடும். ஒல்லியானவருக்குக் குறையும். அவரவர் அளவை அவரவர்தான் பார்க்க வேண்டும். பார்க்க ஒருவர் துணை வேண்டும், அவ்வளவுதான்.

கணவருக்கு நேர்மாறான கதை. அவர் மல்லாந்து படுப்பவர். தலைக்கு இரண்டு தலையணை வைப்பார். தாடை நெஞ்சைத் தொடும். குறட்டை வேறு. மகள் ஒரு தலையணையை உருவிவிட்டாள். "ஏன் புள்ள?" என்று முதலில் சண்டை போட்டார். மூன்று நாளில் பழகிவிட்டது. கழுத்தை நெட்டி எடுக்கக் கடைக்குப் போக வேண்டிய வேலையும் குறைந்தது.

ஒரே வீட்டில் ஒருவருக்கு உயரம் போதவில்லை. இன்னொருவருக்கு உயரம் அதிகம். ஒரே அளவில் எல்லாருக்கும் தலையணை வாங்குவது, ஒரே அளவில் எல்லாருக்கும் செருப்பு வாங்குவது போலத்தான்.

உள்ளே என்ன இருக்கிறது?

அளவு தெரிந்துவிட்டது. அடுத்து, உள்ளே அடைக்கும் பொருள்.

இலவம் பஞ்சு நம் நாட்டுத் தலையணைகளுக்குப் பழைய சொந்தம். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இந்தப் பஞ்சு வியாபாரத்துக்குப் பேர் போனது. கோடையில் இலவம் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். அந்தக் காய் பழமாகும் என்று காத்திருந்து ஏமாந்த கிளியைப் பற்றிய பழமொழி எல்லாருக்கும் தெரியும். கிளிக்குத்தான் ஏமாற்றம். மனிதனுக்கு நல்ல தலையணை கிடைத்தது. வடநாட்டில் சிவப்புப் பூப் பூக்கும் இலவ மரத்தை 'சேமல்' என்பார்கள். அதன் பஞ்சும் தலையணைக்கு ஆகும்.

இலவம் பஞ்சு இழையின் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. குழாய் போன்ற இழை. அதனால் எடை மிகக் குறைவு. காற்றோட்டம் உண்டு. தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. படகில் போகிறவர்கள் அணியும் மிதவைச் சட்டைக்குள்ளேகூட முன்பு இதை அடைத்தார்கள். ஆனால் இந்த இழை வலுவற்றது. சில வருடங்களில் நொறுங்கித் தூளாகும்.

பருத்திப் பஞ்சு கொஞ்சம் கனமானது. வியர்வையை உறிஞ்சும். நாளாக நாளாக அமுங்கிக் கட்டியாகும். ஆனால் அதைப் பிரித்து அடித்தால் மீண்டும் உப்பும். கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம்.

செயற்கை இழைத் தலையணைகள் கடையில் உப்பலாக இருக்கும். விலை குறைவு. வீட்டில் துவைக்கலாம். ஆனால் சீக்கிரம் தட்டையாகும். ரப்பர் நுரைத் தலையணை கெட்டியாக, ஒரே உயரத்தில் இருக்கும். நீண்ட நாள் உழைக்கும். சிலவற்றில் வெயில் காலத்தில் சூடு தெரியும்.

கந்தல் துணியைத் திணித்த தலையணையும் பல வீடுகளில் உண்டு. வசதி இல்லாதபோது அதுவும் உதவும். ஆனால் துணி ஒரு பக்கம் ஒதுங்கிக் கல் போலாகும். திணிப்பதைவிடத் துணியைத் தட்டையாக மடித்து வைப்பதே மேல். வேண்டிய உயரம் வரும். துவைக்கவும் முடியும்.

எந்தத் தலையணை நல்லது? விலை அதிகமானது நல்லது என்று இல்லை. உங்கள் அளவில் இருப்பது நல்லது. இரவு முழுதும் அந்த அளவிலேயே நிற்பது நல்லது.

மெத்தைக் கடையில்

அக்கா தன் பழைய தலையணையை எடுத்துக்கொண்டு மெத்தைக் கடைக்குப் போனார். அது அவர் கல்யாணத்துக்கு அம்மா தந்தது. வயது 16 ஆகிறது. அம்மா இப்போது இல்லை.

கடைப் பெரியவர் தலையணையைக் கையில் வாங்கினார். அழுத்திப் பார்த்தார். ஓரத் தையலைப் பிரித்தார். உள்ளே பஞ்சு இல்லை. பழுப்பு நிறத் தூள்தான் இருந்தது. அவருக்குத் தும்மல் வந்தது.

"இதை அடிக்க முடியாதும்மா. இலவம் பஞ்சு செத்துப்போச்சு. பருத்தியா இருந்தா அடிச்சுத் தந்துடுவேன். இதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்."

அக்கா பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "ஐயா, எங்கம்மா தன் கையால தெச்ச தலையணை இது."

பெரியவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கம்மா தெச்சது பையைத்தானேம்மா? துணி இன்னும் கெட்டியா இருக்கு. நெருக்கமா நெய்த துணி. தூளை உதறிட்டு, வெந்நீர்ல நல்லா துவெச்சு, வெயில்ல காயவெச்சுக் கொண்டு வா. அதுக்குள்ளேயே புதுப் பஞ்சு வெச்சுத் தெச்சுத் தர்றேன்."

அக்கா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

இரண்டு நாள் கழித்துப் பையோடு போனார். இந்த முறை 11 செ.மீ. கணக்கும் கையில் இருந்தது. அதை ஒரு தாளில் அவரே எழுதிக்கொண்டு போயிருந்தார்.

"எவ்வளவு பஞ்சு வைக்கணும்?" என்றார் பெரியவர்.

"தலை வெச்சு அமுங்கின பிறகு இந்த உயரம் நிக்கணும் ஐயா. முதல்லேயே முழுசா தெச்சுடாதீங்க. நான் தலை வெச்சுப் பார்க்கிறேன்."

பெரியவர் அந்தத் தாளைப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல யாரும் அளவு எழுதிட்டு வந்ததில்லைம்மா" என்றார். கடையிலேயே ஒரு விரிப்பைப் போட்டுக் கொடுத்தார். இரண்டு முறை பஞ்சைக் கூட்டிக் குறைத்த பிறகுதான் தைத்தார்.

நீங்களும் இதைக் கேட்கலாம். பஞ்சை அதிகம் திணித்தால் தலையணை கல் போலாகும். தலை அமுங்காது, வழுக்கும். "நல்லா கெட்டியா அடைச்சுக் கொடுங்க" என்று கேட்பது லாபம் அல்ல.

இங்கே பஞ்சு அடிப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவின் எல்லாப் பகுதியிலும் இந்தத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். வடநாட்டில் அவர்களைத் 'துனியா' என்பார்கள். கர்நாடகத்தில் 'பிஞ்சாரர்' என்பார்கள். பெரிய வில்லின் நாணைப் பஞ்சில் வைத்து அடிப்பார்கள். டங் டங் என்று சத்தம் வரும். பஞ்சு பூப்போல் மேலே பறக்கும். இப்போது பெரும்பாலான கடைகளில் எந்திரம் வந்துவிட்டது. வில்லானாலும் எந்திரமானாலும் தூசி உண்டு. பஞ்சுத் தூசி நாளடைவில் நுரையீரலைக் கெடுக்கும். இந்தத் தொழில் செய்பவர்கள் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். வீட்டில் தலையணையைப் பிரிப்பவர்களும் அப்படியே.

எப்போது மாற்ற வேண்டும்?

தலையணை ஒரே நாளில் கெடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது. அதனால்தான் தெரிவதில்லை. இதோ சில அடையாளங்கள்.

செயற்கை இழைத் தலையணையை இரண்டாக மடியுங்கள். கையை எடுங்கள். உடனே நிமிர்ந்தால் நல்லது. மடிந்தபடியே கிடந்தால் அது முடிந்துபோயிற்று.

பஞ்சுத் தலையணையின் நடுவே உள்ளங்கையால் அழுத்துங்கள். கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டாலும், நடுவில் பள்ளம் விழுந்து தரை தெரிந்தாலும், பிரித்து அடிக்க வேண்டும். தட்டும்போது தூள் பறந்தால் பஞ்சையே மாற்ற வேண்டும்.

இரவில் அடிக்கடி எழுந்து தலையணையைத் திருப்புகிறீர்களா? மடித்து வைக்கிறீர்களா? கையைக் கீழே கொடுக்கிறீர்களா? வேறு வீட்டில் படுத்தால் நன்றாகத் தூக்கம் வருகிறதா? அப்படியானால் தலையணையைச் சந்தேகப்படுங்கள்.

பொதுவாகச் செயற்கை இழைத் தலையணை ஒன்று அல்லது இரண்டு வருடம் தாங்கும். பஞ்சுத் தலையணையை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை பிரித்துப் பார்ப்பது நல்லது. இது பொதுக் கணக்குதான். அடையாளங்களே முக்கியம்.

சுத்தமும் வேண்டும்

தலையின் எண்ணெய், வியர்வை, எச்சில், உதிர்ந்த தோல் எல்லாம் தலையணையில் சேர்கின்றன. அந்தத் தோல் துகளைத் தின்று வாழும் பூச்சிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. கடிக்காது. ஆனால் அவற்றின் கழிவு மூக்கில் போனால் சிலருக்குத் தும்மலும் இளைப்பும் வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொல்லை அதிகம்.

ஆகவே தலையணைக்கு எப்போதும் உறை போட வேண்டும். உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைக்க வேண்டும். பழைய பருத்திச் சேலையில் இரண்டு உறைகள் தைத்துக்கொண்டால் மாற்றி மாற்றிப் போடலாம். தலையணையை வாரம் ஒரு முறை வெயிலில் போட்டுத் தட்டி, திருப்பி வைக்க வேண்டும். ஈரம் போகும். நாற்றம் போகும். பஞ்சுத் தலையணையைத் தண்ணீரில் முக்கக் கூடாது. உள்ளே உலராமல் பூசணம் பிடிக்கும். ஈரத் தலையோடு படுப்பதும் அப்படியே.

இவர்களைக் கவனியுங்கள்

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தலையணையே வேண்டாம். இதை எல்லாரும் நினைவில் வைக்க வேண்டும். தலை உருண்டையாக வரும் என்று நம்பி, சில பகுதிகளில் கடுகு அடைத்த தலையணையைக் குழந்தைக்கு வைக்கிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் மெத்தென்ற பொருள் குழந்தையின் முகத்தை மூடினால் அதனால் விலகிக்கொள்ள முடியாது. மூச்சு முட்டி உயிரே போகலாம். கெட்டியான, சமமான விரிப்பில் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். பக்கத்தில் தலையணை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம். விழித்திருக்கும்போது, பெரியவர் பார்வையில் சற்று நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தலை வடிவுக்கு அது போதும்.

கர்ப்பிணிகள் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு தலையணை வைத்தால் இடுப்புக்குச் சுகமாக இருக்கும்.

வயதானவர்களில் சிலர், "படுத்தால் மூச்சு முட்டுகிறது. இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது" என்பார்கள். இது தலையணைக் குறை அல்ல. இதய நோயின் அடையாளமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தலையணையை அடுக்கி நோயை மறைக்காதீர்கள்.

கழுத்து வலியிலும் சில ஆபத்தான அடையாளங்கள் உண்டு. கையில் பிடித்த பொருள் நழுவுகிறதா? நடை தள்ளாடுகிறதா? சிறுநீர், மலம் அடக்க முடியவில்லையா? காய்ச்சலோடு கழுத்து விறைக்கிறதா? கீழே விழுந்த பிறகு கழுத்து வலிக்கிறதா? வலியோடு உடம்பு இளைக்கிறதா? அப்போது தைலமும் வேண்டாம், தலையணையும் வேண்டாம். மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பையின் ஓரத்தில் ஒரு தேதி

அந்த அக்காவுக்கு என்ன ஆயிற்று? புதுப் பஞ்சு வைத்த தலையணையில் படுத்தார். கை மரப்பது நின்றது. கழுத்து வலி இரண்டு, மூன்று வாரத்தில் பெருமளவு குறைந்தது. முழுதும் போகவில்லை. பகலெல்லாம் சுமை சுமக்கும் கழுத்து அது. தலையணை மந்திரம் போடாது. அதனால் அவர் மேஸ்திரியிடம் பேசினார். மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு பேசினார். சட்டியில் பாதி அளவே நிரப்பினார்கள். சுமக்கும் வேலையையும் சல்லடை வேலையையும் முறை வைத்து மாற்றிக்கொண்டார்கள். பகலில் பாரம் குறைந்தது. இரவில் ஓய்வு கிடைத்தது. இரண்டும் சேர்ந்துதான் கழுத்தைக் காப்பாற்றின.

இன்னொன்றும் செய்தார். தைத்து முடித்த பையின் ஓரத்தில், சிவப்பு நூலால் அந்த மாதத்தையும் வருடத்தையும் தைத்தார். எழுத்தறிவு வகுப்பில் கற்ற எழுத்து. கோணலாகத்தான் இருந்தது. ஆனால் படிக்க முடிந்தது.

"எதுக்கும்மா இது?" என்று கேட்டாள் மகள்.

"உங்க ஆயா எப்போ தெச்சாங்கன்னு இந்தப் பையில எழுதலை. அவங்களுக்கு எழுதத் தெரியாது. அதனாலதான் எனக்கு 16 வருஷம் போனதே தெரியலை. இனிமேல் இதைப் பார்த்தா எப்போ பஞ்சு மாத்தணும்னு தெரியும்."

சகோதரிகளே, சகோதரர்களே, இன்று இரவு படுக்கும் முன் உங்கள் தலையணையைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். வீட்டில் ஒருவரைப் பின்னால் உட்கார வைத்துக் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேவையானால் ஒரு சேலையை மடித்து வையுங்கள். புதிதாக வாங்கினால் அதன் ஓரத்தில் தேதியை எழுதுங்கள்.

நன்றாகத் தூங்குங்கள். காலையில் நிமிர்ந்து எழுங்கள்.